மேசை மூன்று

தாடியை எடுத்து ஆறு வருஷமாகியும் அலுவலகத்தில் அவனுக்குத் தாடி என்றுதான் பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒட்டிக்கொண்டது, மழித்த பிறகும் விழவில்லை. பேக்கரி ஒன்றின் மாடியில் இரண்டு அறைகளும் நான்கு ஆட்களுமாக இயங்கிய சின்ன மென்பொருள் நிறுவனம் அது. பரிசோதனைக்கூடங்கள் தங்கள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளை இணையம் வழியாக டாக்டர்களுக்கு அனுப்ப ஒரு வெப் அப்ளிகேஷன் செய்து கொடுத்திருந்தார்கள். அதில் முக்கால்வாசி தாடி தன் கையால் எழுதியது. மூளைக்காரன் என்று பேர் வாங்கியவன்தான். கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவர்களுடைய முதல் வாடிக்கையாளர் ஒரு பெரிய மருத்துவமனை. அதன் பரிசோதனைக்கூடத்தில் ஆறு மேசைகள், ஆறு கம்ப்யூட்டர்கள், ஆறு பெண்கள். ரத்தத்தைச் சோதிக்கும் கருவிகள் உள்ளறையில் ஓடிக்கொண்டிருக்கும். அவை துப்புகிற தாள்களை ஒருவர் கொண்டுவந்து நடுவிலிருக்கும் தட்டில் போடுவார். யாருக்குக் கை ஒழிகிறதோ அவர் மேலே இருக்கிற தாளை எடுத்து, அதிலுள்ள எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்றிய மறு நிமிஷம் அது டாக்டரின் திரைக்குப் போய்விடும். தாளில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. சாயங்காலம் எல்லாத் தாளும் ஒரே பெட்டிக்குள் போகும்.

ஆளுக்கொரு லாகின் தாடி போட்டுக் கொடுத்திருந்தான். யாரும் அதைச் சீந்தவே இல்லை. எழுந்து போகும்போது மூடி, வந்ததும் திறந்து, கடவுச்சொல்லை மறந்து, மறுபடி கேட்டு வாங்கி, இதற்கெல்லாம் அங்கே யாருக்கு நேரம்? எல்லோருக்கும் பொதுவாக ஒரு லாகின் இருந்தது. ஆறு கம்ப்யூட்டரிலும் காலையில் அதைத் திறந்துவைத்தால் சாயங்காலம் வரை ஓடும்.

ஒருநாள் அறுபத்திரண்டு வயது மனிதர் ஒருவருக்குக் கர்ப்பப் பரிசோதனை ரிப்போர்ட் போய்ச் சேர்ந்தது. மருத்துவமனை முழுக்க இதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் யார் ஏற்றியது என்று கேட்டபோது ஆறு பேரும் தலையை ஆட்டினார்கள். பதிவேட்டில் பொது லாகின் பெயர்தான் இருந்தது. மருத்துவமனை நிர்வாகி தாடியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஆள் யாருன்னு கூட வேண்டாம்ப்பா. எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து போச்சுன்னு மட்டும் சொல்லிட்டா போதும். ஆளை நாங்க பிடிச்சுக்கறோம்."

"அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல சார்" என்று தாடி சொல்லிவிட்டு வந்தான்.

உட்கார்ந்து பார்த்தபோதுதான் அது அத்தனை சுலபமில்லை என்று தெரிந்தது. ஆறு கம்ப்யூட்டரும் ஒரே கருவி வழியாகத்தான் இணையத்துக்குள் வந்தன. வெளியிலிருக்கும் சர்வருக்கு ஆறும் ஒரே முகவரியாகத் தெரிந்தது. ஒரே வாசல் உள்ள வீட்டிலிருந்து யார் வெளியே வந்தாலும் அந்த வீட்டு ஆள் என்று மட்டும் சொல்லலாம், எந்த ஆள் என்று சொல்ல முடியாது. அப்படித்தான் இருந்தது. ஆகவே தாடி வேறு வழி செய்தான். ஒவ்வொரு கம்ப்யூட்டரின் பிரவுசருக்குள்ளும் ஒரு நீளமான எண்ணை ஒளித்துவைத்தான். ஒரு டோக்கன் மாதிரி. அந்தக் கம்ப்யூட்டர் சர்வரிடம் பேசும்போதெல்லாம் டோக்கனையும் காட்டும். சர்வர் அதைப் பார்த்து, இது மேசை ஒன்று, இது மேசை நான்கு என்று குறித்துக்கொள்ளும்.

டோக்கன் வைக்க அவனே நேரில் போனான். ஒவ்வொரு மேசையிலும் ஐந்து நிமிஷம். மூன்றாவது மேசையில் இருந்தவரை எல்லோரும் டபுள் செக் அக்கா என்று கூப்பிட்டார்கள். எந்தத் தாளையும் ஒருமுறை ஏற்றிவிட்டு, விரலை வைத்து இன்னொருமுறை படித்துப் பார்த்துத்தான் அனுப்புவாராம். நாற்பத்தாறு நாற்பத்தேழு வயதிருக்கும். மெலிந்த உடம்பு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி.

"எழுந்துக்கட்டுமா தம்பி?"

"அஞ்சு நிமிஷம்க்கா."

"அஞ்சு நிமிஷத்துல நான் நாலு பேரை ஏத்திடுவேன்" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"நீ ஏத்துவ. அப்புறம் கிழவருக்குக் குழந்தை பொறக்கும்" என்றார் அக்கா. அறை முழுக்கச் சிரிப்பு. பிறகு அவர் தாடியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இதுல தப்பு வராதில்ல? நான் பண்ணாததை நான் பண்ணேன்னு சொல்லிடாதுல்ல?" என்று கேட்டார்.

"அதெல்லாம் வராதுக்கா. இந்த நம்பர் உலகத்துலயே இந்த ஒரு கம்ப்யூட்டர்லதான் இருக்கும்."

அவன் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அது உண்மைதான்.

ஏழு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு நிர்வாகியிடமிருந்து போன் வந்தது. குரலில் ஈரமே இல்லை.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒருவர், ஐம்பத்தொரு வயது, திங்கட்கிழமை உடம்பு சரியில்லை என்று வந்திருக்கிறார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர். ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்க்க டாக்டர் சொல்லியிருக்கிறார். கருவி கொடுத்த தாளில் ஏழு புள்ளி ஒன்று. உடனே படுக்கவைத்து வைத்தியம் பார்க்க வேண்டிய அளவு. டாக்டரின் திரைக்குப் போனது நான்கு புள்ளி ஒன்று. ஒன்றும் பயமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் காலை குளியலறை வாசலில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

"யாரு ஏத்தினதுன்னு எனக்கு உடனே வேணும். அவங்க வீட்டு ஆளுங்க கீழ நிக்கிறாங்க."

தாடி போனைக் காதில் வைத்தபடியே பதிவேட்டைத் திறந்தான். நோயாளி எண்ணைப் போட்டுத் தேடினான். ஒரே ஒரு வரி வந்தது. திங்கள், காலை 10:42, பொது லாகின், மேசை மூன்று.

"மேசை மூணு சார்."

"நிச்சயமா?"

"நிச்சயம் சார். அதுக்குத்தானே பண்ணோம்."

பேசியபடியே அந்த ஒரு வரியை நிர்வாகிக்கு மெயிலிலும் அனுப்பிவைத்தான். மொத்தம் நான்கு நிமிஷம். போனை வைத்தபோது அவனுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. தான் செய்த ஒன்று, தேவைப்பட்ட நேரத்தில் வேலை செய்துவிட்டது. மேசை மூன்றில் யார் உட்கார்ந்திருப்பார் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. பாவம், எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறவர், அவருக்கும் ஒருநாள் கண் பிசகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டான். அன்று மதியச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டான். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் ஓடியது. அதற்குள் அக்காவை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டான். இன்னொரு மருத்துவமனை அவர்களுடைய மென்பொருளை வாங்குவதாக இருந்தது. முதலாளி, குட்டையான, எப்போதும் வேர்த்துக்கொண்டிருக்கும் மனிதர், தாடியிடம் வந்து, "எந்தக் கம்ப்யூட்டர்ல எவ்வளவு வேலை நடக்குதுன்னு அழகா ஒரு படம் போட்டுக் குடுப்பா. பார்த்தா அசந்துடணும்" என்றார்.

தாடி பழைய மருத்துவமனையின் பதிவேட்டை எடுத்து, மேசைவாரியாகக் கூட்டிப் படம் போட்டான். முதல் ஐந்து மாதம் ஆறு கோடுகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் போயின. ஆறாவது மாத நடுவில் ஒரு சனிக்கிழமையோடு ஐந்து கோடுகள் தரையில் விழுந்து செத்துப்போயின. மூன்றாவது மட்டும் செங்குத்தாக மேலே ஏறி, கூரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது.

முதலில் தான்தான் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்தான். மறுபடி போட்டான். பிறகு படத்தை விட்டுவிட்டு, அந்தத் திங்கட்கிழமையின் பதிவேட்டை வரிவரியாகத் திறந்தான். 10:40, மேசை மூன்று. 10:41, மேசை மூன்று. 10:41, மேசை மூன்று. 10:41, மேசை மூன்று. ஒரே நிமிஷத்தில் நான்கு தாள், ஐந்து தாள். எந்த மனுஷியாலும் அந்த வேகத்தில் ஏற்ற முடியாது. அன்று முழுவதும் அறையில் ஏற்றிய அறுநூற்றுச் சொச்சம் தாள்களும் மேசை மூன்றின் பேரில் இருந்தன.

அன்றைக்குத் திரையில் இரண்டு விரற்கடை மேலே தள்ளிப் பார்த்திருந்தால் போதும். தெரிந்திருக்கும். அவன் ஒரு வரியை மட்டும் தேடினான், ஒரு வரி வந்தது, படித்துச் சொன்னான்.

எழுந்து போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்று கேட்க மருத்துவமனையின் கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்குப் போன் போட்டான். சட்டைப்பையில் எப்போதும் ஒரு திருப்புளி செருகியிருப்பதால் அவரை ஸ்க்ரூ அண்ணன் என்பார்கள்.

"அண்ணே, மூணு மாசத்துக்கு முன்னாடி லேப்ல ஏதாவது மாத்தினீங்களா?"

"லேப்லயா? ஆமாப்பா. எல்லாம் ஆமை மாதிரி நகருதுன்னு புதுசு வாங்கிப் போட்டாங்களே. ஆறு பெட்டியும் புதுசு."

"எப்படிண்ணே ஏத்தினீங்க? ஒவ்வொண்ணா?"

"ஒவ்வொண்ணா ஏத்த எனக்கு என்ன பைத்தியமா? அந்த டபுள் செக் அம்மா கம்ப்யூட்டர்தான் சுத்தமா இருந்துச்சு. கண்டதை ஏத்தி வைக்க மாட்டாங்க. அதோட டிஸ்க்கை அப்படியே காப்பி எடுத்து ஆறுலயும் போட்டுட்டேன். ஒரே மத்தியானத்துல வேலை முடிஞ்சுது." பிறகு, "ஏன்ப்பா, ஏதாவது தப்பா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. உங்க மேல தப்பு இல்ல."

உண்மையிலேயே அவர்மேல் தப்பில்லை. டிஸ்க்கைக் காப்பியடித்தபோது அதற்குள் தாடி ஒளித்துவைத்த டோக்கனும் சேர்ந்து காப்பியாகிவிட்டது. அன்றிலிருந்து ஆறு கம்ப்யூட்டரும் சர்வரிடம் போய், நான்தான் மேசை மூன்று என்று சொல்லிக்கொண்டிருந்தன. சர்வர் ஆறு முறையும் நம்பியது. ஒரே டோக்கன் ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலிருந்து வருகிறதே என்று சந்தேகப்பட அதற்கு அவன் சொல்லிக் கொடுக்கவில்லை. கற்பனைக்கே வராத ஒன்றை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

முதலாளியிடம் போனான். அவர் முழுக்கக் கேட்டார். கேட்கக் கேட்கக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்போ வேற யாரோ பண்ணியிருக்காங்களா?"

"தெரியாது சார். ஆறு பேர்ல யார் வேணும்னாலும் இருக்கலாம். அவங்களாகவும் இருக்கலாம்."

"கண்டுபிடிக்க வழி?"

"இல்ல சார். எல்லாத்தையும் அலசிட்டேன். பெட்டி எல்லாம் ஒரே மாதிரி, பிரவுசர் ஒரே மாதிரி, முகவரி ஒண்ணு. எதை வச்சும் பிரிக்க முடியாது."

முதலாளி கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தாடியின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூடவே இருந்தவர். அவர் மேசையைப் பார்த்தபடி, "சொன்னா அந்த அம்மாவுக்கு என்ன கிடைக்கும்? நிரபராதின்னு நிரூபிக்க முடியுமா? முடியாதுங்கற. அப்புறம் எதுக்கு? நாம நாலு பேரும் தெருவுக்கு வரதுதான் மிச்சம்" என்றார். பிறகு மெதுவாக, "எழுத்துல மட்டும் எதையும் குடுத்துடாதப்பா. கெஞ்சிக் கேக்கறேன்" என்றார்.

தாடி தன் நாற்காலிக்கு வந்தான். இரண்டு நாள் வீட்டில் சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே நின்றுவிடுவான். மனைவி என்ன என்ன என்று துளைத்தெடுத்தபோது சொன்னான். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறவள் அவள். விடையைவிட அதற்கு வந்த வழியைக் கேட்கிறவள்.

"நீங்க சொன்ன ஒரு வார்த்தையை வச்சுத்தானே அவங்களை வேலையை விட்டு அனுப்பினாங்க? அந்த வார்த்தை தப்புன்னா, போய் அதைத் திரும்ப வாங்கிட்டு வாங்க. அப்புறம் நடக்கறது நடக்கட்டும். இப்படிப் பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கறதை என்னால பார்க்க முடியல."

சனிக்கிழமை மதியம் டபுள் செக் அக்காவின் வீட்டைத் தேடிக்கொண்டு போனான். நான்கு மாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. மாடிப்படியெங்கும் துவைத்த துணியின் ஈர வாசனை. கதவைத் திறந்தது அக்காவின் கணவர். அச்சகத்தில் வேலை செய்கிறவர், விரல் இடுக்குகளில் மை. தாடி யாரென்று சொன்னதும் அவர் முகம் இறுகியது. ஆனாலும் உள்ளே விட்டார்.

அக்கா கூடத்தில் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். ஏழு வாரத்தில் ஏழு வருஷம் கூடினாற்போல இருந்தார். கழுத்தில் கண்ணாடி இல்லை.

"வாங்க தம்பி. உட்காருங்க."

தாடி நாற்காலியை விட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தான். சொல்ல வந்ததை எத்தனையோ முறை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தான். வாயைத் திறந்ததும் எல்லாம் குழம்பியது. டிஸ்க், டோக்கன், காப்பி என்று முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தான். கணவருக்கு முதலில் புரிந்தது.

"அப்போ இவ பண்ணலை!" என்று எழுந்து நின்றுவிட்டார். "நான் அன்னைக்கே சொன்னேன். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தப்பு கிடையாது. நான் சொன்னேனா இல்லையா?"

அக்கா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைக்கவில்லை. "நான் இல்லைன்னு சொல்றீங்களா தம்பி?"

இந்தக் கேள்விதான் வரும் என்று அவனுக்குத் தெரியும். பதிலும் தெரியும்.

"அப்படிச் சொல்ல முடியலைக்கா. நீங்கதான்னு நான் சொன்னது தப்பு. நீங்க இல்லைன்னும் சொல்ல முடியாது. யாருன்னே சொல்ல முடியாது."

கணவர் நின்றபடியே இருந்தார். அவர் முகத்தில் ஏறிய வெளிச்சம் அப்படியே இறங்கியது.

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார் அக்கா. "முதல்ல இல்ல. கூப்பிட்டுக் கேட்டப்போ, சத்தியமா நான் இல்லைன்னுதான் சொன்னேன். அப்புறம் உங்க பேப்பரைக் காட்டினாங்க. மேசை மூணு, பத்து நாப்பத்திரண்டு. சரி, கம்ப்யூட்டர் சொல்லுதே, நமக்குத்தான் நினைவில்லை போலன்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்து யோசிச்சுக்கிட்டே இருந்தேன். ஒரு வாரம் கழிச்சு எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. அந்தத் தாளோட ஓரம் மடங்கியிருந்தது. ஏழோட கோடு மங்கலா இருந்தது. நாலுன்னு அடிச்சேன். என் விரலுக்கே நினைவிருக்கு தம்பி. தூங்கும்போதுகூட அடிக்குது."

"அக்கா, அது நீங்களா நினைச்சுக்கிட்டதா இருக்கலாம்."

"இருக்கலாம். எது நானா நினைச்சுக்கிட்டது, எது நடந்ததுன்னு இப்ப யாரு சொல்வாங்க? நீங்க சொல்வீங்களா?"

தாடி தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் அந்த வீட்டுக்குப் போனேன்" என்று அக்கா தொடர்ந்தார். "வேன் ஓட்டினவரோட வீட்டுக்கு. இவருக்குத் தெரியாமத்தான் போனேன். அந்தம்மா கதவைத் திறந்தாங்க. நான்தான்மா உங்க வீட்டுக்காரர் ரிப்போர்ட்டைத் தப்பா ஏத்தினதுன்னு சொன்னேன். அடிப்பாங்கன்னு நினைச்சேன். அடிக்கலை. ரொம்ப நேரம் என்னையே பார்த்துட்டு, உள்ள கூட்டிட்டுப் போய்த் தண்ணி குடுத்தாங்க. தெரிஞ்சா பண்ணீங்க, விடுங்கன்னாங்க. அவங்க அந்த வார்த்தையைச் சொல்ல என்ன பாடுபட்டாங்கன்னு நான் பார்த்தேன். இப்ப நான் போய், அம்மா, அது நானில்லையோ என்னவோன்னு சொல்லணுமா? அவங்க யாரை மன்னிச்சாங்க அப்போ?"

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவே இல்லை.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களாக்கா?"

"போட்டேன். என் கவனக்குறைவால நடந்ததுன்னு எழுதிக் குடுத்தா போலீசுக்குப் போகாம முடிச்சுக்கலாம்னாங்க. எழுதிக் குடுத்தேன். பொய்யா எழுதலை. அன்னைக்கு நம்பித்தான் எழுதினேன்."

வாசலில் செருப்பை மாட்டும்போது கணவர் அவனைப் பின்தொடர்ந்து வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், "எழுத்துல குடுங்க தம்பி. எங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். அவன் அவரைவிடச் சின்னவன். அவர் கெஞ்சியதில் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

திங்கட்கிழமை தாடி எழுத்தில் கொடுத்தான். படத்தையும் அந்த நாள் பதிவேட்டையும் இணைத்து, தான் சொன்ன தகவல் தவறு, எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றப்பட்டது என்பதைக் கண்டறிய இயலாது என்று மூன்று பக்கம் எழுதி நிர்வாகியின் கையில் கொடுத்தான். நகலை முதலாளியின் மேசையில் வைத்தான். முதலாளி படித்துவிட்டு அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனவர் அன்று முழுவதும் திரும்பவில்லை. புதிய மருத்துவமனை பின்வாங்கியது. வேலையை விட்டுப் போ என்று தாடியிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்கிடையில், ஒரே டோக்கன் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமிருந்து வந்தால் உடனே எச்சரிக்கிற மாதிரி நிரலைத் திருத்தினான். பதினோரு வரி. எழுதிச் சோதித்துப் பார்க்க முழுசாக அரை மணி நேரம் ஆகவில்லை. முடித்துவிட்டு, அந்தப் பதினோரு வரியைப் பார்த்துக்கொண்டே அதைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தான்.

கடிதம் பரிசோதனைக்கூடத்தில் வேறு வேலை செய்தது. மீதி ஐந்து பெண்களையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஐந்து பேரும் அழுதார்கள். ஐந்து பேரும் தாங்கள் இல்லை என்றார்கள். அதற்குப் பிறகு அந்த அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்று ஸ்க்ரூ அண்ணன் சொன்னார். கிழவருக்குக் குழந்தை பிறந்த கதையை யாரும் எடுப்பதே இல்லையாம். ஒருத்தி வேலையை விட்டே போய்விட்டாள். அவளாகத்தான் இருக்கும் என்று சிலர் பேசினார்கள். அவள் கர்ப்பிணி, அதனால் நின்றுவிட்டாள் என்று வேறு சிலர் சொன்னார்கள். எது உண்மையோ, அதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து மறு விசாரணை என்று தாடிக்கும் அக்காவுக்கும் கடிதம் வந்தது. மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் நீள மேசை போட்ட அறை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நிர்வாகி, தலைமை டாக்டரம்மா, அப்புறம் கோப்புகளோடு ஒரு வக்கீல். இந்தப் பக்கம் அக்காவும் தாடியும். கணவரை உள்ளே விடவில்லை. அவர் வராந்தாவில் நின்றார்.

தாடி சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொன்னான். இந்தமுறை குழம்பவில்லை. வக்கீல் குறித்துக்கொண்டே வந்தார்.

"அப்படின்னா, உங்க பதிவேட்டை நாங்க சாட்சியா எடுத்துக்கக் கூடாது. சரிதானே?"

"எடுத்துக்கக் கூடாது சார். அது செல்லாது."

"நல்லது. அதை ஒதுக்கி வச்சுடுவோம்." வக்கீல் ஒரு தாளை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு இன்னொரு தாளை எடுத்தார். "இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமா" என்றார் அக்கா.

"யாராவது மிரட்டி வாங்கினாங்களா?"

"இல்ல."

"இதுல தாளோட ஓரம் மடங்கியிருந்தது, ஏழு சரியாத் தெரியலைன்னுகூட எழுதியிருக்கீங்க. பார்க்காதவங்க இப்படி எழுத முடியாது இல்லையா? இது உங்களுக்கு நினைவிருக்கா?"

தாடி குறுக்கே பேசினான். "சார், அந்தப் பதிவேட்டைக் காட்டினதாலதான் அவங்க அப்படி எழுதினாங்க. அது இல்லைன்னா இது இல்ல."

"உங்க பங்கு முடிஞ்சுது" என்றார் நிர்வாகி. "அவங்க பேசட்டும்."

டாக்டரம்மா மேசைமேல் சாய்ந்து, கொஞ்சம் கனிவாகவே, "சொல்லும்மா. நீ பண்ணலைன்னா பண்ணலைன்னு சொல்லு. இப்பச் சொன்னா நாங்க எழுதிக்கறோம்" என்றார்.

தாடி அக்காவின் பக்கம் திரும்பினான். சொல்லுங்க, சொல்லிடுங்க என்று மனசுக்குள் மன்றாடினான். அக்கா நெடுநேரம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு நினைவிருக்கும்மா. தப்பா நினைவிருக்கா, சரியா நினைவிருக்கான்னு தெரியலை. ஆனா இருக்கு. இல்லைன்னு சொன்னா பொய்யாயிடும்."

வக்கீல் பேனாவை மூடினார். முந்தைய முடிவுக்குப் பதிவேடு ஆதாரமில்லை என்றும், ஊழியர் தாமாக முன்வந்து ஒப்புக்கொண்டதால் அந்த முடிவு நிற்கிறது என்றும் அன்று சாயங்காலத்துக்குள் எழுதி முடித்துவிட்டார்கள்.

படி இறங்கும்போது கணவர் முன்னால் போய்விட்டார். அக்கா ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். தாடி பக்கத்திலேயே வந்தான்.

"மேல எழுதிப் போடலாம்க்கா. கோர்ட்டுக்குப் போகலாம். நான் வந்து சொல்றேன். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

அக்கா கீழ்ப்படியில் நின்றார்.

"நீங்க நல்லவர் தம்பி. உங்க மேல எனக்குக் கோபம் இல்ல, அதை மனசுல வச்சுக்காதீங்க. ஆனா இனிமே வராதீங்க. உங்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் இல்லையோன்னு ஒரு ஆசை வருது. ரெண்டு நாள் இருக்கும், அப்புறம் போயிடும். போகும்போது என்னையும் சேர்த்துப் பிடுங்கிட்டுப் போகுது. நான்தான்னு இருந்துடறேன். அதுல படுத்துத் தூங்கவாவது முடியுது."

சொல்லிவிட்டு நடந்தார். வாசலில் கணவர் திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டினார், அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சாலையைக் கடந்து போய்விட்டார்கள்.

தாடி அந்தக் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மாலைப் பார்வை நேரத்துக்கு மணி அடித்தார்கள். ஃபிளாஸ்க்கும் பையுமாக ஜனங்கள் மேலே ஏற ஆரம்பித்தார்கள். "வழியில உட்காராதீங்கப்பா, ஓரமாப் போங்க" என்று யாரோ சொன்னார்கள். அவன் எழுந்து ஓரமாக நின்றான்.